ஐயாவுக்கு முதல் ஜாஸ் தட்டு எது?

வருகிற ஞாயிற்றுக்கிழமை தவில்கார ஐயா எங்கள் வீட்டு மாடிக்கு வருகிறார். எழுபத்தாறு வயது. மதுரையைச் சுற்றி அவர் விரலில் கூடு மாட்டி உட்காராத திருவிழா இல்லை. மாரியம்மன் தெப்பக்குளத்துத் தைத் தெப்பம், சித்திரைத் திருவிழாப் புறப்பாடு, திருமோகூர், மேலூர்ப் பக்கத்துக் கல்யாணங்கள் என்று ஐம்பது வருஷம் வாசித்தவர். தோள்பட்டை வலியால் நிறுத்தி ஐந்தாறு வருஷம் ஆகிறது. போன மாதம் சிம்மக்கல்லில் டீக்கடை வாசலில் பார்த்தபோது அவரே ஆரம்பித்தார்.

“தம்பி, மாசத்துல ஒரு நாள் மாடியில வெள்ளைக்கார மேளம் போட்டுக் கேக்குறீங்களாமே?”

“வெள்ளைக்காரங்க இல்லய்யா. அமெரிக்காவுல கறுப்பின மக்கள் உண்டாக்கின சங்கீதம். ஜாஸ்னு பேரு.”

“சரி. அதுல தனி விடுவாங்களா? மேளத்தை மட்டும் தனியா வாசிக்க விடுவாங்களா?”

“விடுவாங்கய்யா.”

“அப்ப வாரேன்.”

அன்றிலிருந்து எனக்கு இதே யோசனைதான். ஒரே ஒரு மாலை. ஒரே ஒரு இசைத்தட்டு. வாழ்நாள் முழுக்கத் தாளத்தோடு புழங்கிய ஒரு மனுஷர் முதல் தடவை ஜாஸ் கேட்கப்போகிறார். எதைப் போடுவது?

ஸ்டுடியோப் பதிவு வேண்டாம் என்பதை உடனே முடிவு செய்துவிட்டேன். ஐயாவுக்கு ஆள் முன்னால் வாசிப்பதுதான் சங்கீதம். சபை இல்லாமல் வாசித்ததை அவரால் சங்கீதமாக ஏற்க முடியாது என்று நினைக்கிறேன், அது நியாயமும்கூட. பெரிய அரங்கில் எடுத்ததும் வேண்டாம். பெரிய அரங்கில் டிரம்ஸ் சுவரில் பட்டுத் திரும்பி வரும், அடியின் முனை மழுங்கிவிடும். சின்ன கிளப்பில் எடுத்த பதிவுகளின் அழகே வேறு. தாழ்ந்த கூரை, நெருக்கியடித்து உட்கார்ந்த ஆட்கள். மனித உடம்பும் துணியும் எதிரொலியை உறிஞ்சிவிடுவதால் வாத்தியத்துக்கும் நமக்கும் நடுவே எதுவும் நிற்பதில்லை. என் அப்பா செல்லூரில் மைக் செட் வைத்திருந்தவர். காலி மண்டபத்தில் சோதித்துப் பார்த்த சத்தத்தை நம்பக்கூடாது, பந்திக்கு ஆள் வந்து உட்கார்ந்த பிறகுதான் ஆம்ப்ளிஃபயரில் கையை வைக்க வேண்டும் என்பார். அதே விஷயம்தான்.

இப்படிக் கழித்துக் கழித்துக் கடைசியில் நாலு தட்டு நின்றது. பியானோக்காரர் பில் எவன்ஸ் மூவர் குழு, 1961. இன்னொரு பியானோக்காரர் அகமது ஜமால் மூவர் குழு, 1958. சாக்ஸபோன்காரர் ஜான் கோல்ட்ரேன், 1961. இன்னொரு சாக்ஸபோன்காரர் சன்னி ரோலின்ஸ், 1957. இந்த நாலில் மூன்று ஒரே இடத்தில் எடுக்கப்பட்டவை: நியூயார்க்கில் கிரீன்விச் வில்லேஜ் பகுதியில் உள்ள வில்லேஜ் வேன்கார்டு. மேக்ஸ் கார்டன் என்பவர் தொடங்கியது, 1935 முதல் அதே நிலவறை. தெருவிலிருந்து பதினைந்து படி கீழே இறங்க வேண்டும். ஆப்பு மாதிரி ஒரு பக்கம் குறுகும் அறை, குறுகிய முனையில் மேடை. 123 பேருக்குத்தான் இடம். நம் ஊர்க் கல்யாண மண்டபத்தில் ஒரு பந்திக்கு அதைவிட அதிகம் பேர் உட்காருவார்கள்.

போன வாரம் ஐயா உட்காரப்போகும் அதே நாற்காலியில், அதே சாயங்காலம் ஐந்து மணிக்கு, நாலையும் கேட்டேன். ஜன்னலைத் திறந்து வைத்து, மின்விசிறியை ஓடவிட்டு. மதுரை வெயிலில் ஜன்னலைச் சாத்திவிட்டு ஒன்றரை மணி நேரம் எழுபத்தாறு வயதுக்காரரை உட்கார வைக்க முடியாது. தெருமுனையில் தறிச் சத்தம் உண்டு, ஷேர் ஆட்டோ உண்டு, பக்கத்து வீட்டுக் குக்கர் உண்டு. இதெல்லாம் சேர்ந்ததுதான் எங்கள் அறை. இந்த அறையில் எந்தத் தட்டு நிற்கிறது என்பதுதான் கேள்வி.

எவன்ஸிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் மனசு அதைத்தான் முதலில் எடுக்கச் சொன்னது. 1961 ஜூன் 25, ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் இரண்டு அமர்வு, சாயங்காலத்துக்கு மேல் மூன்று. பியானோ எவன்ஸ், ஆளுயரத் தந்தி வாத்தியமான டபுள் பாஸ் ஸ்காட் லஃபாரோ, டிரம்ஸ் பால் மோஷன். ஒரே நாள் வாசிப்பிலிருந்து இரண்டு எல்பி தட்டு வந்தது: ‘சண்டே அட் தி வில்லேஜ் வேன்கார்டு’, அடுத்த வருஷம் ‘வால்ட்ஸ் ஃபார் டெபி’. அன்றைக்கு நடந்த முதல் உருப்படியில் பதிவுக் கருவிக்கு மின்சாரம் விட்டுப் போய், நடுவில் ஒரு துண்டு அறுந்திருக்கிறது. பல வருஷம் கழித்து வந்த முழுத் தொகுப்பில் அந்த அறுந்த பதிவையும் அப்படியே சேர்த்திருக்கிறார்கள். கரண்ட் போனால் கச்சேரி நிற்காது, மைக்தான் நிற்கும் என்பதை அறிந்த ஊர் நம்முடையது. அந்த இடத்தைக் கேட்கும்போதெல்லாம் நியூயார்க் எனக்குச் செல்லூருக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது.

இந்தத் தட்டில் லஃபாரோ செய்வதைத் தமிழில் சொல்ல வேண்டுமானால், பக்கவாத்தியம் பக்கத்தில் உட்கார மறுத்த கதை என்று சொல்லலாம். அதுவரை பாஸ் வாசிப்பவரின் முக்கிய வேலை, தாளத்துக்கு ஒரு அடி ஒரு ஸ்வரம் என்று நடந்து கொடுப்பது. லஃபாரோ அந்த நடையை விட்டுவிட்டு பியானோவின் வாக்கியத்துக்கு நடுவே புகுந்து பதில் சொல்கிறார், கேள்வி கேட்கிறார், சில இடத்தில் பியானோ சொல்ல வந்ததைத் தானே முதலில் சொல்லிவிடுகிறார். மோஷன் கம்பிப் பிரஷ்ஷால் ஸ்னேர் டிரம்மின் தோலைத் தடவிக்கொண்டே இருக்கிறார், அரிசி புடைக்கிற சத்தம் போல. அன்றிரவின் கடைசி உருப்படி லஃபாரோவே எழுதியது, ‘ஜேட் விஷன்ஸ்’. ஒன்பது எண்ணிக்கை. ஐயா கேட்டால் சங்கீர்ணம் என்று விரலை மடக்குவார். பதினோரு நாள் கழித்து ஜூலை 6 அன்று லஃபாரோ கார் விபத்தில் இறந்துபோனார். வயது 25. அந்த மூன்று பேரும் ஒன்றாக வாசித்த கடைசிப் பதிவு இதுதான்.

எனக்கு எது பிடிக்கும் என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். ஆனால் ஐந்து மணிக்கு அந்த நாற்காலியில் உட்கார்ந்து கேட்டபோது பாதி காணாமல் போனது. மோஷனின் பிரஷ்ஷை விசிறி தின்றுவிட்டது. பாஸின் மெல்லிய மேல் ஸ்வரங்கள் தறிச் சத்தத்தில் கரைந்தன. சத்தத்தைக் கூட்டினால் கிளப்பில் அன்று உட்கார்ந்திருந்தவர்களின் பேச்சும் கண்ணாடி டம்ளர் உரசலும் சேர்ந்து கூடுகின்றன. அந்தப் பேச்சு எனக்குப் பழகிவிட்டது; இவ்வளவு அருமையான வாசிப்புக்கு நடுவே ஒரு பெண் சிரிக்கிறார், யாரோ எதையோ கேட்கிறார்கள், அவர்களுக்குத் தெரியாமலேயே அந்த நாளுக்குச் சாட்சியாகிவிட்டார்கள் என்று நெகிழ்ந்துபோவேன். ஐயா அப்படி எடுத்துக்கொள்ள மாட்டார். வாசிக்கும்போது சபை பேசினால் அவருக்குப் பிடிக்காது. தனி ஆரம்பித்ததும் எழுந்து காபிக்குப் போகிற சபைகளைப் பார்த்துப் பார்த்து நொந்தவர்.

இன்னொன்றும் உண்டு. பியானோ. அதில் கமகம் கிடையாது. ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு இழைந்து போக முடியாது, குதிக்கத்தான் வேண்டும். அதை ஈடுகட்ட எவன்ஸ் வைத்திருப்பது கார்டுகள், நாலைந்து ஸ்வரங்களை ஒரே நேரத்தில் அழுத்தி அவற்றின் நிறம் மாறுவதைக் காட்டுவது. அந்த நிறத்தை ரசிக்கத் தனிக் காது வேண்டும். எனக்கே இரண்டு மூன்று வருஷம் பிடித்தது. நாயனத்தின் பக்கத்திலேயே ஆயுசைக் கழித்தவருக்கு முதல் நாளே அதைக் கொண்டுபோய் வைப்பது நியாயமில்லை.

ஜமாலைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சிகாகோவில் பெர்ஷிங் ஓட்டலின் லவுஞ்சில் 1958 ஜனவரி 16 அன்று எடுத்தது. நாற்பத்துமூன்று உருப்படி பதிவு செய்து எட்டை மட்டும் எல்பியில் சேர்த்தார்கள். அது அமெரிக்காவின் பில்போர்டு விற்பனைப் பட்டியலில் நூறு வாரத்துக்கு மேல் நின்றது, ஜாஸ் தட்டுக்கு அது பெரிய விஷயம். வாசிக்காமல் விடுகிற இடத்துக்கும் எடை உண்டு என்று காட்டியவர் ஜமால். டிரம்ஸ் வாசித்த வெர்னல் ஃபோர்னியேயின் தாளம் ‘பாயின்சியானா’வில் எட்டு நிமிஷம் ஒரே பிடியாக ஓடும், கேட்பவர் கால் தானாக அசையும். வீட்டுக்கு வந்த சொந்தக்காரர்களுக்கு, குழந்தைகள் ஓடி விளையாடும் கூடத்தில் போட இதைவிட நல்ல தட்டு இல்லை. நாலில் மிகச் சுலபமாக மனசுக்குள் போவது இதுதான். ஐயா கேட்டது தனி. இதில் டிரம்ஸ் ஆதாரமாக நிற்கிறது, எதிர்த்துப் பேசுவதில்லை. அதனால் முதல் தட்டு இது இல்லை.

கோல்ட்ரேன் விஷயத்தில் எனக்கு ஒரு பழைய வருத்தம் உண்டு. போன வருஷம் தை மாதம் எங்கள் மாடிக்கு முதல் தடவையாக வந்த இரண்டு பேருக்கு நான் ‘சேஸின் த ட்ரேன்’ போட்டேன். 1961 நவம்பரின் முதல் வாரத்தில் வேன்கார்டில் நாலு இரவு கோல்ட்ரேன் வாசித்ததைப் பதிந்தார்கள், அதில் இரண்டாம் இரவு வாசித்தது. எல்பியின் ஒரு பக்கம் முழுக்க இது ஒன்றுதான், பதினாறு நிமிஷம். பியானோ கையை எடுத்துவிட்டது. சாக்ஸபோன், பாஸ், டிரம்ஸ் மட்டும். முதல் நொடியிலேயே உச்சத்தில் ஆரம்பித்து அங்கேயே நின்று எரிகிறது. மேடையில் கோல்ட்ரேன் அங்கிட்டும் இங்கிட்டும் நகர்ந்துகொண்டே வாசித்ததால் ஒலிப்பதிவாளர் ரூடி வேன் கெல்டர் மைக்கோடு துரத்த வேண்டியிருந்தது, பேர் அப்படித்தான் வந்தது என்பார்கள். வந்த இருவரில் ஒருவர் ஏழாவது நிமிஷத்தில் எழுந்து மொட்டை மாடிக்குப் போனார். இன்னொருவர் மரியாதைக்காக உட்கார்ந்திருந்தார். பிறகு இருவரும் வரவில்லை. தட்டின் மேல் குறை இல்லை. கோல்ட்ரேனின் அந்த மாதிரி வாசிப்பு அன்றைக்கு அமெரிக்காவிலேயே சண்டையைக் கிளப்பியது, இது ஜாஸுக்கு எதிரானது என்று அதே மாதம் அங்கே பத்திரிகையில் எழுதினார்கள். அப்படிப்பட்ட ஒன்றை அறிமுகமே இல்லாதவர் கையில் எடுத்துக் கொடுத்தது என் பிழை. தொடக்கத்துக்கான மல்லாரியை வாசிக்காமல் நேரே நடுராத்திரித் தோடி ராகத்துக்குள் கொண்டுபோய் விட்ட மாதிரி ஆகிவிட்டது.

அதே நவம்பர் இரவுகளில் கோல்ட்ரேன் ‘இண்டியா’ என்று ஓர் உருப்படி வாசித்திருக்கிறார், அது 1963இல் வேறொரு எல்பியில் வந்தது. இரண்டு பாஸ்கள் சேர்ந்து சுருதி போல அடியில் ரீங்காரம் கொடுக்க, மேலே சாக்ஸபோன் சுற்றும். கோல்ட்ரேனுக்கு நம் நாட்டுச் சங்கீதத்தின் மேல் உண்மையான பக்தி இருந்தது. பின்னால் பிறந்த மகனுக்கு ரவிசங்கரை நினைத்து ரவி என்று பேர் வைத்தார். எங்கள் குழுவில் சர்ச்சில் டிரம்ஸ் வாசிக்கிற கல்லூரித் தம்பி, “அண்ணே, ஐயாவுக்கு ‘இண்டியா’ போடுங்க, பேரைக் கேட்டதும் ஒட்டிக்குவாரு” என்றான். நான் ஒத்துக்கொள்ளவில்லை. பேரைச் சொன்னால் ஐயா ராகம் தேடுவார். தேடினால் கிடைக்காது. அது ராகம் வாசிக்க வந்த இசை அல்ல, தூரத்திலிருந்து ஒன்றை வணங்கிய இசை. அதை அதன் இடத்தில் வைத்துக் கேட்கப் பிறகு நேரம் இருக்கிறது.

நாலுக்குள் வராமல் போனவை சில உண்டு. டிரம்ஸ்காரர் ஆர்ட் பிளேக்கி 1954 பிப்ரவரியில் நியூயார்க் பேர்ட்லேண்டு கிளப்பில் எடுத்தது அனல் பறக்கும். 23 வயது கிளிஃபோர்டு பிரௌனின் டிரம்பெட் அதில் இருக்கிறது. ஆனால் ஒரே நேரத்தில் ஐந்து பேர், ஊதுகிறவர்களே இரண்டு பேர், யார் பின்னால் போவது என்று புதுக் காது திணறும். சாக்ஸபோன்காரர் கேனன்பால் அடர்லியின் ‘மெர்சி, மெர்சி, மெர்சி’ 1966இல் பதிந்தது. அட்டையில் கிளப் என்று போட்டிருப்பார்கள், உண்மையில் கலிஃபோர்னியாவில் ஸ்டுடியோவுக்குள் விருந்தாளிகளை அழைத்து, குடிக்கக் கொடுத்து, கைதட்டச் சொல்லி எடுத்தது. நல்ல தட்டுதான், எனக்கு வேண்டிய அறை அதில் இல்லை.

பியானோக்காரர் தெலோனியஸ் மாங்கும் கோல்ட்ரேனும் 1958இல் ஃபைவ் ஸ்பாட் கிளப்பில் வாசித்த பதிவைப் பற்றி மட்டும் இரண்டு வரி கூடுதலாகச் சொல்ல வேண்டும். கோல்ட்ரேனின் மனைவி நைமா கையோடு கொண்டுபோன டேப் ரிக்கார்டரில் ஒரே மைக்கில் பிடித்தது. 1993இல்தான் தட்டாக வெளிவந்தது. சத்தம் மங்கல், ஓரத்தில் இரைச்சல். ஆனால் மதுரை மணி ஐயரை இன்று நாம் கேட்பதே பெரும்பாலும் இப்படிக் கச்சேரியில் பிடித்த பதிவுகள் வழியாகத்தானே. அந்த இரைச்சலுக்கு நடுவே ஸ்வரம் பளிச்சென்று விழும்போது காது இரைச்சலை மறந்துவிடும். ஐயா இதையும் மறந்துவிடுவார் என்று தெரியும். ஆனாலும் முதல் தடவை டிரம்ஸின் நாதம் அவருக்குச் சுத்தமாகக் கேட்க வேண்டும் என்பது என் ஆசை.

மிஞ்சியது ரோலின்ஸ். ‘எ நைட் அட் தி வில்லேஜ் வேன்கார்டு’. 1957 நவம்பர் 3, அதுவும் ஞாயிற்றுக்கிழமை. வேன்கார்டில் எடுத்து வந்த முதல் ஜாஸ் எல்பி இதுதான். பதிந்தவர் அதே வேன் கெல்டர். அப்போது அவர் பகலில் கண் பரிசோதித்துக் கண்ணாடி எழுதிக் கொடுப்பவர், மற்ற நேரத்தில் பெற்றோர் வீட்டு ஹாலையே ஸ்டுடியோவாக வைத்துப் பதிவு செய்தவர். அன்று கருவிகளைக் கட்டி எடுத்துக்கொண்டு நிலவறைக்கு வந்தார். மத்தியானம் ஒரு பாஸ், ஒரு டிரம்ஸ். ராத்திரி வேறு ஆட்கள். ராத்திரி வந்தவர்கள் பாஸில் வில்பர் வேர், டிரம்ஸில் எல்வின் ஜோன்ஸ். ரோலின்ஸுக்கு 27 வயது, எல்வினுக்கு 30.

இந்தத் தட்டைத் தேர்ந்தெடுக்க முதல் காரணம், இதில் பியானோ இல்லை. ஜாஸில் நம் காதுக்கு அந்நியமாகப் படுவது பெரும்பாலும் பியானோ அடுக்குகிற கார்டுகள்தான். அதை எடுத்துவிட்டால் என்ன நிற்கிறது? காற்றில் வாசிக்கிற ஒரு வாத்தியம், தோலில் வாசிக்கிற ஒரு வாத்தியம், அடியில் ஒரு ஆழ்ந்த நாதம். நாயனம், தவில், ஒத்து. பாஸ் ஒத்தைப் போல ஒரே ஸ்வரத்தில் நிற்காது, நடந்துகொண்டே இருக்கும், அந்த வித்தியாசத்தை ஐயாவிடம் முதலிலேயே சொல்லிவிடுவேன். ஆனால் வில்பர் வேர் அதிகம் ஓடாதவர், கீழ் ஸ்வரங்களைக் கனமாக, இடைவெளி விட்டு வைப்பவர். அந்தக் கனம் ஒத்தின் பக்கத்தில் வந்து நிற்கும். சாக்ஸபோன் கத்ரி கோபால்நாத் புண்ணியத்தில் நம் சபைக்குப் புதிதில்லை. ஸ்வரத்தை வளைக்கும், உதட்டால் இழைக்கும், சீவாளி வாத்தியத்துக்குத் தூரத்து உறவு.

இரண்டாவது காரணம் ‘சன்னிமூன் ஃபார் டூ’ என்ற உருப்படி. ரோலின்ஸ் எழுதியது. மேலிருந்து கீழே இறங்கும் ஒரே ஒரு வாக்கியம், மூன்று தடவை. அந்த வாக்கியத்தின் ஸ்வரங்களை நம் கணக்கில் எழுதினால் ச நி ப ம க. நி கைசிகி, க சாதாரணம். சுத்த தன்யாசி ராகத்தின் இறக்கம். எங்கள் தெருவில் வீணை சொல்லிக்கொடுக்கிற அக்காவுக்கு இதை ஒரு நாள் போட்டேன். முதல் வாக்கியம் முடியும் முன்பே “சுத்த தன்யாசிய்யா இது!” என்று மடியில் இருந்த பையைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு ரோலின்ஸ் கற்பனையில் இறங்கும்போது வேறு ஸ்வரங்களும் வரும், ராகத்தை விட்டு வெளியே போவார். அது அவர்கள் சம்பிரதாயம். ஆனால் வாசலில் தெரிந்த முகம் ஒன்று நின்று வரவேற்றால் உள்ளே போகிறவருக்கு அச்சம் போய்விடும்.

கணக்கும் ஐயாவுக்காகவே போட்டது போல இருக்கிறது. ப்ளூஸ் என்ற வடிவம் பன்னிரண்டு பார். ஒரு பாருக்கு நாலு எண்ணிக்கை, மொத்தம் நாற்பத்தெட்டு. எட்டு எண்ணிக்கை ஆதி தாளம் போட்டால் மிகச் சரியாக ஆறு ஆவர்த்தனம், அதாவது ஆறு சுற்று. அந்த இறங்கும் வாக்கியம் இரண்டு ஆவர்த்தனத்துக்கு ஒரு தடவை எடுப்புக்கு வந்து நிற்கும். நான் தொடையில் தட்டிக்கொண்டே முழுசாகப் போட்டுப் பார்த்தேன். எல்வின் எவ்வளவு கலைத்துப் போட்டாலும் ஆறாவது ஆவர்த்தனம் முடிந்து சமத்துக்கு, அதாவது முதல் அடிக்கு, வரும்போது மூன்று பேரும் அங்கே இருக்கிறார்கள். நடுவில் எண்ணிக்கை தொலைந்தால் இடது காலால் எல்வின் மூடும் சிம்பல் ஜோடியைப் பிடித்துக்கொள்ளலாம், இரண்டாவது, நாலாவது எண்ணிக்கையில் ‘ச்சிக்’ என்று தாளம் போடுபவர் மாதிரி விழும்.

எல்வின் ஜோன்ஸ் என்பவரைப் பற்றி ஐயாவிடம் என்ன சொல்வது என்று யோசித்தேன். திஸ்ரம் என்று ஒரு வார்த்தை போதும். நாலு எண்ணிக்கையில் ஓடும் பாட்டுக்குள் மூன்று மூன்றாக உருட்டிக்கொண்டே இருப்பார். வலது கை சிம்பலில் ஒரு பேச்சு, இடது கை ஸ்னேரில் இன்னொரு பேச்சு, கால் பேஸ் டிரம்மில் மூன்றாவது. தவிலின் இரண்டு முகங்களான வலந்தலையும் தொப்பியும் தனித்தனி நினைப்போடு பேசி ஓர் இடத்தில் கைகோத்துக்கொள்வதைக் கேட்டுப் பழகிய காது இதை உடனே பிடித்துவிடும். தட்டில் சாக்ஸபோனும் டிரம்ஸும் மாறி மாறிப் பேசும் இடங்கள் வரும், நாலு பார் இவர், நாலு பார் அவர். நம் கணக்கில் இரண்டிரண்டு ஆவர்த்தனம். தனியில் இரண்டு வித்வான்கள் குறைப்பு வாசிக்கும்போது ஒருவர் விட்ட சொல்லை மற்றவர் எடுத்துத் திருப்பிக் கொடுப்பார்களே, அந்த மாதிரி. இதற்குத்தான் ஐயா வருகிறார்.

ரோலின்ஸின் குணமும் இதற்கு ஒத்துப்போகிறது. ஒரு சின்னத் துண்டை எடுத்துக்கொண்டு அதைத் திருப்பி, நீட்டி, நறுக்கி, எடுப்பைத் தள்ளிப் போட்டு, சீண்டிப் பார்ப்பார். நிரவல் கேட்டவர்களுக்கு இது புரியும். இந்தத் தட்டு வந்த இரண்டு வருஷத்தில், பேரும் புகழும் உச்சத்தில் இருந்தபோது அவர் மேடையை விட்டே விலகிப் போய் வில்லியம்ஸ்பர்க் பாலத்தின் மேல் நின்று சாதகம் செய்தார். வீட்டில் வாசித்தால் அக்கம்பக்கத்தாருக்குத் தொந்தரவு என்பதால் பாலம். விடிகாலையில் கண்மாய்க் கரையில் நின்று நாயனம் ஊதிப் பழகியவர்களை ஐயா பார்த்திருக்கிறார். அறுபதுகளின் கடைசியில் ரோலின்ஸ் இந்தியாவுக்கும் வந்து பம்பாய் பவாயில் ஒரு ஆசிரமத்தில் தங்கியிருந்தார். இதையெல்லாம் ஞாயிற்றுக்கிழமை தட்டு சுழல்வதற்கு முன்னால் சொல்வேன், சுழலும்போது வாயைத் திறக்க மாட்டேன்.

அறையில் போட்டுப் பார்த்ததில் இன்னொரு லாபமும் தெரிந்தது. இது மோனோப் பதிவு. எல்லாச் சத்தமும் இரண்டு ஸ்பீக்கரிலும் ஒன்றுபோல வரும். எங்கள் மாடி அறை நீளம், பத்துப் பேர் சுவரோரமாக ஒரே வரிசையில் உட்காருவோம். ஸ்டீரியோத் தட்டு என்றால் ஓரத்தில் உட்கார்ந்தவருக்கு ஒரு பக்கம்தான் கிடைக்கும், எவன்ஸை ஓரத்திலிருந்து கேட்டபோது அப்படித்தான் ஆனது. மோனோவில் எந்த நாற்காலியும் நல்ல நாற்காலி. விசிறிச் சத்தத்தையும் தறியையும் எல்வினின் சிம்பல் சுலபமாகக் கடந்து வருகிறது. பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் ரோலின்ஸின் ஒரு வாக்கியத்துக்கு நடுவே வந்தது, எனக்கு அது இடைஞ்சலாகவே படவில்லை.

குறை இல்லாமல் இல்லை. பாஸ் சில இடத்தில் பின்னால் தங்கிவிடுகிறது. ‘எ நைட் இன் துனீசியா’ மட்டும் மத்தியானக் குழுவோடு வாசித்தது, டிரம்ஸ் 19 வயது பீட் லா ரோகா. துடிப்பாகத்தான் இருக்கிறது, ஆனால் எல்வினுக்குப் பிறகு உடனே வருவதால் சபை கொஞ்சம் மாறிப்போன உணர்வு வரும். மூன்று பேர் மட்டுமே என்பதால் சாக்ஸபோன் ஓய்வெடுக்கும் இடங்களில் சிலருக்கு வெறுமையாகத் தோன்றலாம். ஐயாவுக்குத் தோன்றாது. கோயில் மேளத்தில் நாயனக்காரர் மூச்சு வாங்கும்போது தவில்தானே தெருவை நிறைக்கும்.

எல்பியாக வாங்குவதா, போனிலேயே கேட்பதா என்றும் சிலர் கேட்டார்கள். நல்ல ஸ்பீக்கர் இருந்தால் எதில் போட்டாலும் இந்த இசை நிற்கும். நான் எல்பி வாங்கினேன், காசு கொஞ்சம் இழுத்தது உண்மை. போனில் என்றால் நடுவில் அழைப்பு வரும், யாராவது அடுத்த உருப்படிக்குத் தள்ளச் சொல்வார்கள். தட்டு என்றால் ஒரு பக்கம் முடியும்வரை எல்லாரும் உட்கார்ந்துதான் ஆக வேண்டும். இருபது நிமிஷத்துக்குச் சற்று மேல், பிறகு திருப்பிப் போட ஒரு இடைவெளி, அதற்குள் காபி.

அடுத்த மாதத்துக்கும் வழி தெரிந்துவிட்டது. ரோலின்ஸ் தட்டில் ‘சாஃப்ட்லி, அஸ் இன் எ மார்னிங் சன்ரைஸ்’ என்ற பழைய மேடை நாடகப் பாட்டு உண்டு. அதே பாட்டைக் கோல்ட்ரேனும் 1961இல் வாசித்திருக்கிறார். அதே நிலவறை. டிரம்ஸில் அதே எல்வின் ஜோன்ஸ், நாலு வருஷம் மூத்தவராக. ஒரே கீர்த்தனையை இரண்டு வித்வான்கள் பாடிக் கேட்பதுபோல இரண்டையும் அடுத்தடுத்துப் போடலாம். அதைக் கேட்டுவிட்டால், அதே பன்னிரண்டு பார் ப்ளூஸான ‘சேஸின் த ட்ரேன்’ ஐயாவுக்குப் பயம் காட்டாது, ஆறு ஆவர்த்தனம் எங்கே முடிகிறது என்று அவருக்குத் தெரிந்திருக்கும். எவன்ஸை மார்கழிக்கு வைத்திருக்கிறேன். விசிறி வேண்டாத மாதம், ஜன்னலைச் சாத்திக்கொள்ளலாம், காலை ஆறு மணிக்கு முன்னால் தறியும் ஓடாது.

நேற்று சாயங்காலம் ஐயா போன் செய்தார்.

“தம்பி, மாடிப்படி எத்தனை?”

“பதினெட்டுங்கய்யா. ஏறும்போது தம்பியை அனுப்புறேன், கையைப் பிடிச்சுக்குவான்.”

“அதெல்லாம் ஏறிருவேன். எத்தனை மணிக்கு ஆரம்பிக்கிறீங்க?”

“அஞ்சுக்குங்கய்யா.”

“நாலேமுக்காலுக்கு வந்துர்றேன். தட்டுக்குப் பக்கத்துல ஒரு சேர் போட்டு வைங்க.”

சேர் போட்டாகிவிட்டது. ‘சன்னிமூன்’ இரண்டாம் பக்கத்தின் முதல் உருப்படி. அதனால் இரண்டாம் பக்கத்தைத்தான் முதலில் போடப்போகிறேன்.